இருபத்திரண்டாவது முடிச்சு

இன்று புதன்கிழமை, மணி மூன்று இருபத்தைந்து. மொட்டை மாடியில் இருப்பவர்கள்: சுகாதார ஆய்வாளர் இளவழகன், அவரோடு கடப்பாரை எடுத்து வந்திருக்கும் மாசிலாமணி (பெயரை நான்தான் கேட்டேன்), குடியிருப்போர் சங்கச் செயலாளர் தாமோதரன், மூன்றாம் மாடி பிரமிளா, நான் நவநீதம். ஐந்து பேர். பிரமிளாவின் மகள் ரித்திகாவைச் சேர்க்கவில்லை. அவள் படிக்கட்டின் கடைசிப் படியில் நிற்கிறாள், மாடியில் இன்னும் கால் வைக்கவில்லை. புறாக்கள் ஞாயிற்றுக்கிழமை காலைவரை இருபத்திரண்டு. இப்போது இல்லை. என் மடியில் இருக்கும் இரண்டு முட்டைகளை எதில் சேர்ப்பது என்று தெரியவில்லை. அதனால் இதுவரை எதிலும் சேர்க்கவில்லை.

தண்ணீர்த் தொட்டி ஓரமாக, கவிழ்த்துப் போட்ட பெயின்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்திருக்கிறேன். அவர்கள் வருவதற்கு முன்பே உட்கார்ந்துவிட்டேன், எழுந்தால் தெரிந்துவிடும். முந்தானையை இடுப்பில் சுற்றிச் செருகி, அதற்குள் பஞ்சு வைத்து, பஞ்சுக்குள் இரண்டும் இருக்கின்றன. பார்க்கிறவர்களுக்கு ஒரு கிழவியின் தொந்தியாகத் தெரியவேண்டும். "ஆயா, நீங்க எந்திரிக்க வேணாம், உக்காருங்க" என்று ஆய்வாளர் சொன்னார். நல்ல பிள்ளை. நல்ல பிள்ளையாக இருப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது, அதட்டினால் பொய் சொல்வது சுலபம். நான் இன்னும் பொய் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வேன்? முட்டை புறாவா? பதினேழு நாளைக்கு முன்னால் கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பேன். இன்று பதினேழாம் நாள். மதியம் பார்த்தபோது ஒன்றின் மேல் நட்சத்திரம் மாதிரி சின்னக் கீறல் இருந்தது. இன்னொன்று வழவழவென்று இருந்தது, காதில் வைத்தால் ஒன்றும் கேட்கவில்லை. கீறல் விட்டது இப்போது தட்டுகிறது. தொப்புளுக்கு இடப்பக்கம். ஒரு தட்டு, இரண்டு, அப்புறம் நிறுத்தி மூச்சு வாங்கி, ஒரு தட்டு. படிக்கட்டில் ரித்திகாவின் மூச்சும் அப்படித்தான் கேட்கிறது, ஒரு விசில், ஒரு நிறுத்தம், ஒரு விசில். எண்ணினேன். நிமிடத்துக்கு முப்பத்திரண்டு. ஆறு வயதுக்கு அது அதிகம்.

ஆய்வாளர் கூண்டுக்குள் குனிந்து பார்க்கிறார். பதினோரு ஜோடிக்குப் பதினோரு பானை. எல்லாவற்றையும் சுண்ணாம்பு போட்டுக் கழுவி வைத்திருக்கிறேன். "சுத்தமா வச்சிருக்காங்களே" என்கிறார் அவர். "ஆயா கணக்குலயும் சுத்தந்தான் சார்" என்கிறார் தாமோதரன், "மாடிப்படி எத்தினின்னு கேளுங்க, தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லும்." யாரும் கேட்கவில்லை. எழுபத்தாறு. அவர் கிண்டல் செய்கிறார், ஆனாலும் அது உண்மை. அந்தக் கணக்குதான் என்னை இங்கே கொண்டுவந்து உட்கார வைத்தது. பிரமிளாவின் மனுவில் என் பெயரே இல்லை. "மாடியில் நூற்றுக்கணக்கான புறாக்கள் அசுத்தம் செய்கின்றன" என்றுதான் எழுதியிருந்தாள். சங்கப் பலகையில் ஒட்டியிருந்த நகலை நின்று படித்தேன். நூற்றுக்கணக்கு. அந்த ஒரு சொல் இரண்டு நாள் பல்லிடுக்கில் நார் மாதிரி உறுத்தியது. மூன்றாம் நாள் பஸ் ஏறிப் போய், இந்த ஆய்வாளரின் மேசைக்கு முன்னால் நின்று, "சார், நூத்துக்கணக்கு இல்ல. இருபத்திரண்டு" என்றேன். அவர் நிமிர்ந்து, "அப்ப உங்களுதா?" என்றார். அதுவரை அவருக்குத் தெரியாது. ஊரில் யாருடையதும் இல்லாத புறாக்கள் எவ்வளவோ இருக்கின்றன, அப்படியே விட்டிருப்பார். நான் போய்த் திருத்தினேன். அவர் எழுதிக்கொண்டார். என் பெயர், வீட்டு எண், எண்ணிக்கை.

அப்புறம் வந்த காகிதத்தில் நான் எழுதிக் கொடுத்தது இது: புதன்கிழமைக்குள் புறாக்களை அகற்றிவிடுவேன், அதன்பின் ஒன்று இருந்தாலும் கூண்டை இடிக்கவும் வாரியம் என் வீட்டு ஒதுக்கீட்டை ரத்து செய்யவும் எனக்கு ஆட்சேபம் இல்லை. அந்த 'ஆட்சேபம் இல்லை'யை மூன்று முறை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். இருபத்தெட்டு வருடமாக அந்த வீட்டில் இருக்கிறேன். ஓர் அறை, ஒரு அடுப்படி, ஜன்னல் இரண்டு, அதில் திறப்பது ஒன்று. அது போனால் போக்கிடம் கிடையாது, கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவளுக்கு வேறு எது இருக்கும். கையெழுத்துக்கு முன்னால் இலவச சட்ட உதவி மையத்துக்கும் போனேன். அங்கே ஒரு வக்கீல் பெண். "வீட்டுக்குள்ள வளக்கிற நாய்னா சங்கம் தடுக்க முடியாதுன்னு வாதாடலாம்மா. இது மொட்ட மாடி. அது உங்க வீடு இல்லையே, எல்லாரோடதும்" என்றாள். சரிதான். "ஒருத்தருக்குக் குடுத்துட்டப்புறம் அதுவே திரும்பி வந்துட்டா, அது யாரோடதும்மா?" என்று கேட்டேன். அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தாள். "நல்லாக் கேட்டீங்க. பழைய புத்தகத்துல ஒரு விதி படிச்சிருக்கேன். திரும்பி வர்ற பழக்கம் இருக்கிற வரைக்கும் வளத்தவங்களுதுதான்." பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் அதைக் குறித்துக்கொண்டேன். புறா விடுகிற ஆட்களிடம் வேறொரு சட்டம் உண்டு. எந்த மாடியில் இறங்கிப் பிடிபடுகிறதோ அந்த மாடிக்காரனுக்குச் சொந்தம். இரண்டு சட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பயமாக இருந்தது. கொடுத்தனுப்பிய என் பெட்டைப் புறா பொட்டு இங்கே இறங்கினால், இரண்டும் ஒன்றையேதான் சொல்கின்றன.

பொட்டு வராது. முப்பது கிலோமீட்டர். திருநின்றவூர். இறக்கை கட்டியிருக்கிறது. கட்டினேனா? கட்டினேன். ஞாயிறு காலை திருநின்றவூர் சகாயம் ஆட்டோவில் நான்கு அட்டைப்பெட்டி கொண்டு வந்தான். அவன் புறா விடுகிறவன், பந்தயத்தில் பெயர் உள்ளவன், நம்பிக் கொடுக்கலாம். ஆறு, ஆறு, ஐந்து, ஐந்து என்று பிரித்துப் போட்டோம். புது இடத்துக்குப் போகிற புறா பழைய மாடிக்குத் திரும்பாமல் இருக்க ஒரு பக்கத்து இறக்கையை நூலால் கட்டவேண்டும். நடக்கும், தின்னும், பறக்காது. மூன்று மாதத்தில் அங்கேயே குஞ்சு பொரித்தால் அப்புறம் அதுதான் வீடு. நூலைச் சாண் அளவில் இருபத்திரண்டு துண்டாக நானே வெட்டி வைத்திருந்தேன். "மூணு நாள் அடச்சு வெச்சுட்டு புதங்கெழம தொறந்து வுடுறேன் ஆயா, மாடில காலாற நடக்கட்டும்" என்றான் சகாயம். அப்புறம் கூண்டுக்குள் எட்டிப் பார்த்து, "இன்னாது, பொட்டு அடையில இருக்குது? முட்டைய எடுத்து ஊத்திடு. தூக்கினு போனா குலுங்கியே செத்துரும். பெட்டை அடுத்த மாசமே வேற வெக்கும்" என்றான். தலையாட்டினேன். தலையாட்டியது மட்டும்தான். பொட்டைத் தூக்கியபோது அது என் மணிக்கட்டைக் கொத்தவில்லை. ஒன்பது வருடத்தில் ஒரு பெட்டைகூட முட்டை மேலிருந்து தூக்கும்போது கொத்தாமல் இருந்ததில்லை. அதன் வயிற்றுச் சூடு என் உள்ளங்கையில் இருந்தது. நூல் எங்கே இருந்தது? இருபத்தொரு முடிச்சு எனக்கு நினைவிருக்கிறது. கிழட்டுச் சேவலுக்குப் போட்டது, கால் விந்துகிறதுக்குப் போட்டது, இரட்டை வெள்ளைகளுக்குப் போட்டது, ஒவ்வொன்றாகச் சொல்ல முடியும். இருபத்திரண்டாவது நினைவில் இல்லை. கடைசியாகப் பெட்டியில் போட்டது பொட்டுதான். சகாயம் ஆட்டோவை உறுமவிட்டான், பெட்டியைக் கயிற்றால் கட்டினேன், பெட்டியைக் கட்டியது நன்றாக நினைவிருக்கிறது, இரண்டு சுற்று, ஒரு முடிச்சு. அந்த முடிச்சைத்தான் இருபத்திரண்டாவதாக எண்ணிவிட்டேனா? இல்லை. அப்படி இருக்காது. நான் அப்படி எண்ணுகிறவள் இல்லை.

ஒரு முறை அப்படித் தப்பாக எண்ணியிருக்கிறேன். பால்வாடியில் இருபத்தாறு வருடம் ஆயா வேலை, ஐந்தாம் வகுப்புப் படிப்புக்கு அதுவே பெரிது. தினமும் நான்கு மணிக்குப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தித் தலை தொட்டு எண்ணி அனுப்புவது என் பொறுப்பு. ஒரு நாள் மேலதிகாரி வருவதாகச் சொன்னார்கள். பதிவேட்டில் இருபத்தைந்து, வந்திருந்தது பத்தொன்பது. தெருவிலிருந்து ஆறு பிள்ளைகளைப் பிடித்து உட்கார வைக்கச் சொன்னார் டீச்சர். வைத்தேன். அதிகாரி போனதும் அந்த ஆறு பேருக்கும் சுண்டல் கொடுத்து அனுப்பினேன். நான்கு மணிக்கு வரிசையில் எண்ணினேன். பத்தொன்பது. சரியாக இருந்தது. பூட்டிவிட்டுப் போனேன். ஆறு மணிக்கு எழிலரசியின் அம்மா கதவைத் தட்டிக்கொண்டு நிற்கிறாள். தெருப் பையன்களில் ஒருவன் இரண்டாம் முறை சுண்டல் கிடைக்கும் என்று வரிசையில் நின்றுவிட்டிருக்கிறான். எழிலரசி உள்ளே, பாய்ச் சுருட்டுகளுக்குப் பின்னால். திறந்தபோது விழித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. இரண்டு மணி நேரம் இருட்டறையில் ஒரு சத்தமும் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் யாராவது கேட்டிருப்பார்கள். அவள் என்னைப் பார்த்து, "ஆயா, என்ன எண்ணலியா?" என்று கேட்டாள். மூன்று வயது.

"சார், எனக்கு ஆயா மேல கோவம் எதுவும் இல்ல" என்று பிரமிளா சொல்லிக்கொண்டிருக்கிறாள், என் பக்கம் பார்க்காமல். "இவள ரெண்டு தடவ ஆஸ்பத்திரில சேத்துட்டேன். புறா எச்சம் பட்ட காத்து ஆவாதுன்னு டாக்டர் எழுதியே குடுத்துட்டாரு. நான் என்ன பண்றது?" ஒன்றும் பண்ண முடியாது. நானாக இருந்தாலும் மனுக் கொடுத்திருப்பேன், எண்ணிக்கையை மட்டும் சரியாக எழுதியிருப்பேன். ரித்திகா முன்பெல்லாம் மாடிக்கு வருவாள். கம்புத் தானியத்தைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்காருவாள், பொட்டு அவள் கையிலிருந்து தின்னும். அப்போதே விசில் இருந்தது. சளி என்று நினைத்தேன். எனக்கு எதிரி யாரும் இல்லை, அதுதான் மோசம். எதிரி இருந்தால் கத்தலாம். மூன்று நாளாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேதான் தூங்குகிறேன், புரண்டு படுத்தால் முட்டை நசுங்கும். ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பி வைக்கிறேன். என் உடம்புச் சூடு போதுமோ போதாதோ, கிழ உடம்பு, எலும்பில் என்ன சூடு இருக்கும். தட்டு. தட்டு. இன்னும் கொஞ்ச நேரம் சும்மா இரு. இவர்கள் போகட்டும்.

ஆய்வாளர் அட்டை மேல் காகிதத்தை வைத்து எழுதுகிறார். ஒப்படைக்கப்பட்டவை: இருபத்திரண்டு. மீதம் இருப்பவை: இல்லை. "அவ்ளோதான் ஆயா. இதுல ஒரு கையெழுத்து. கூண்டையும் ஒடைக்க வேணாம், தட்டுமுட்டு சாமான் போட்டுக்கிறேன்னு சொல்லுங்க, மாசிலாமணிக்கும் வேலை மிச்சம்." மாசிலாமணி கடப்பாரையைச் சுவரில் சாத்திவிட்டுப் பீடியைத் தேடுகிறார். இவ்வளவுதானா. இவ்வளவு சுலபமா. மணி மூன்று ஐம்பத்தெட்டு. கையெழுத்துக்குக் கண்ணாடி வேண்டும். இடுப்பில் தொங்கும் சுருக்குப்பைக்குள் விரலை விடுகிறேன், முட்டை மேல் படாமல், மெதுவாக. கண்ணாடிக் கூடு. பஸ் டிக்கெட். பிறகு ஒன்று, மெல்லிசாக, விரலில் சுற்றிக்கொண்டு வருகிறது. வெளியே எடுக்காமலே தெரிகிறது. சாண் நீளம். வெட்டியது இருபத்திரண்டு, இது ஒன்று, இருபத்திரண்டில் ஒன்று போனால். போனால் என்ன? புதன்கிழமை திறந்துவிடுகிறேன் என்றான். இன்று புதன். புறாக்களுக்கு அடைகாப்பதில் முறை உண்டு, காலை பத்திலிருந்து நான்கு மணிவரை சேவல், நான்கு மணிக்குப் பெட்டை வந்து மாற்றிக்கொள்ளும், கடிகாரம் பார்த்த மாதிரி வரும், மழை பெய்தாலும் வரும். நான் வேண்டுமென்றேதான் விட்டேனா? கை தானாக விட்டதா? வராதே. கடவுளே, வந்துவிடாதே. வழியில் பருந்து அடித்திருந்தால்? ஐயோ, அப்படி நினைத்தேனே. வா. வந்துவிடு. வராதே. "என்ன ஆயா, கண்ணாடி கெடைக்கலியா?" என்கிறார் தாமோதரன். "கணக்கு டீச்சருக்கே கண்ணு தெரியலியா?" நான் வானத்தைப் பார்க்காமல் இருக்கிறேன். கீழே தரையைப் பார்க்கிறேன். தரையில் ஒரு நிழல் ஓடுகிறது.

படிக்கட்டிலிருந்து ரித்திகாதான் முதலில் கத்தினாள். "அம்மா! பொட்டு!"

கைப்பிடிச் சுவரில் வந்து இறங்கி, வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறது. வெள்ளை உடம்பு, தலையில் மை வைத்த மாதிரி புள்ளி. இறக்கையில் நூல் இல்லை. அறுந்த நூல்கூட இல்லை. பிரமிளா சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டாள், பிறகு அதை எடுத்துவிட்டாள். ஆய்வாளர் பேனாவை மூடி, திறந்து, மூடுகிறார். "ஆயா, இது அந்தச் சகாயத்துக்குக் குடுத்ததுல ஒண்ணா?" நான் சுருக்குப்பையின் வாயை இழுத்து மூடினேன். "குடுத்தாச்சுன்னா அது அவரு புறா. காயிதப்படி அவரோடது. வழிதவறி வந்திருக்கு. உங்களுது இல்ல. அத மட்டும் சொல்லுங்க, நான் முடிச்சுட்டுப் போறேன்." தாமோதரன் இப்போது சிரிக்கவில்லை. "சொல்லிடு ஆயா. ஒரு வார்த்த. வீட்டோட போற விஷயம்." பிரமிளாவும் கிட்டே வந்துவிட்டாள். "ஆயா, நான் வேணும்னா பாக்கலன்னு சொல்றேன். இல்லன்னு சொல்லிடுங்க ஆயா." எல்லாரும் எனக்காகக் கெஞ்சுகிறார்கள். இத்தனை பேர் ஒரே நேரத்தில் என்னிடம் பேசி எத்தனை வருடமாயிற்று. "மாசிலாமணி, அத்த வெரட்டுப்பா." மாசிலாமணி கடப்பாரையைத் தரையில் தட்டினார். பொட்டு பறந்தது. போகவில்லை. நேராகக் கூண்டுக்குள் போய், மூன்றாவது பானைக்குள் இறங்கியது. உட்கார்ந்தது. எழுந்தது. காலடியில் குனிந்து பார்த்தது. கழுத்தால் பானையின் வெறும் மண்ணைத் தன் பக்கமாக இழுத்தது. திரும்பி உட்கார்ந்தது. எழுந்தது. மறுபடி பார்த்தது. நான் எண்ணினேன், நிறுத்த முடியவில்லை. நான்கு தடவை. ஐந்து. ஆறு. மடிக்குள் அது தட்டுகிறது. ஏழு.

இல்லை என்று சொல்லவேண்டும், ஒரு சொல், காகிதத்தில் ஏற்கெனவே எழுதியும் இருக்கிறது. நாக்கை அண்ணத்தில் வைத்துப் பார்த்தேன். இருபத்தெட்டு வருடம், திறக்கிற ஜன்னல் ஒன்று. பொட்டு பானைக்குள் எட்டாவது தடவை குனிந்தபோது நான் எழுந்து நிற்கிறேன் என்று தெரிந்தது. முழங்கால் சத்தம் போட்டது. இடுப்புச் செருகலை அவிழ்த்தேன். எல்லார் முன்னாலும் இப்படிச் சேலையில் கைவைத்து நான் நின்றதில்லை, காது சுட்டது. பஞ்சோடு எடுத்துக்கொண்டு போய்ப் பானையில் வைத்தேன். இந்த முறை பொட்டு கொத்தியது, மணிக்கட்டில், நன்றாக. அப்புறம் வயிற்றை விரித்து, இரண்டு பக்கமும் அசைந்து, இரண்டையும் உள்ளே தள்ளிக்கொண்டு அடங்கிவிட்டது.

"என்னோடதுதான் சார்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை, இன்னொரு முறை சொன்னேன். "என்னோடது." ஆய்வாளர் தலையைக் குனிந்துகொண்டு, "அப்ப ஒண்ணுன்னு போடுறேன்" என்றார், அவருக்குத்தான் யாரோ தண்டனை கொடுத்த மாதிரி. "முட்டைக்கெல்லாம் கட்டம் இல்ல ஆயா. பொரிக்குமோ பொரிக்காதோ." "ஒண்ணு தட்டுது சார்." "சரி, ரெண்டுன்னே வச்சுக்குவோம். இன்னொண்ணு?" "அது சத்தம் போடல." "அப்பறம் என்ன, விடுங்க." தாமோதரன் எங்கோ பார்க்கிறார். ரித்திகா மாடியில் கால் வைத்துவிட்டாள், பிரமிளா அவளைத் தோளைப் பிடித்துத் தன்னோடு சேர்த்துக்கொண்டிருக்கிறாள், இப்போது ஆறு பேர். பேனாவுக்குக் கையை நீட்டினேன். 'இல்லை'யின் மேல் ஒரே கோடு, நேராக. பக்கத்தில் எண்ணாக எழுதவில்லை, எண்ணை யாரும் திருத்திவிடலாம். எழுத்தாக எழுதினேன். மீதம் இருப்பவை: மூன்று.